பீட் மாஸா, கோகோபீட்டா?

மாடித்தோட்டத்துக்குக் கலவை வாங்கப் போனால் நர்சரியில் இந்த இரண்டையும் காட்டுவார்கள். பெயர் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் பிறப்பு வேறு. ஒன்று பாசி, மற்றது தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்.

பீட் என்பது கனடா, பால்டிக் நாடுகள் போன்ற குளிர்ப் பிரதேசச் சதுப்புகளில் தோண்டி எடுப்பது. அங்கே வளரும் ஸ்பேக்னம் பாசியின் இலையில், பச்சை செல்களுக்கு நடுவே செத்துப்போன வெற்று செல்கள் இருக்கும். அவைதான் அதன் தண்ணீர்க் குடங்கள். உலர்ந்த எடையைப் போல 20 மடங்குவரை நீர் பிடிக்கும். சுற்றியுள்ள தண்ணீரையும் புளிப்பாக்கிவிடும். ஆக்சிஜனும் இல்லாததால் செத்த பாசி மட்காமல் அப்படியே படியும், அதுதான் பீட். 1950இல் டென்மார்க்கில் இப்படி ஒரு சதுப்பில் கிடைத்த டோலுண்ட் மனிதனின் உடல் 2,000 ஆண்டுக்கும் பழையது. முகத்தில் தாடி முளை அப்படியே தெரிகிறது!

இந்தப் படிவு வளர்வது ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், எல்லாக் காட்டு மரங்களையும்விட அதிகக் கார்பனைச் சேர்த்து வைத்திருக்கின்றன. தோண்டுவதற்காகத் தண்ணீரை வடித்ததும் காற்று புகுந்து, அந்தக் கார்பன் வெளியேறத் தொடங்கிவிடும். ஒரு தக்காளிச் செடிக்காக இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

சரி, செடிக்கு எது நல்லது? பீட் ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது தொட்டி ஓரமாக வழிந்து ஓடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். நம் ஊர் வெயிலில் இது பெரிய தொல்லை. கோகோபீட் காய்ந்தாலும் உடனே நனையும். பீட்டின் புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், கோகோபீட்டுக்கு அது தேவையில்லை.

கோகோபீட்டின் குறை உப்பு. கட்டியை வாளியில் ஊறவைத்தால் முதல் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இறங்கும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். ஆலைகளில் கழுவிவிடும் நீர் கிணறுகளைக் கெடுப்பதாகப் பொள்ளாச்சிப் பக்கம் விவசாயிகள் சொல்லும் புகாரையும் தள்ளிவிட முடியாது. ஆனால் கழுவும் நீரைத் தேக்கிச் சுத்திகரிக்க வழி உண்டு. ஆயிரம் ஆண்டுப் படிவைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை.

புளிப்பு மண் கேட்கும் ப்ளூபெர்ரி, பூச்சியுண்ணும் செடிகள் வளர்ப்பவர்கள் கொஞ்சம் பீட் வாங்கலாம். கத்தரி, மிளகாய், கீரைக்குக் கோகோபீட்டே போதும். அதில் சத்து பெரிதாக இல்லை, மண்புழு உரம் கலந்துவிடுங்கள்.