முதியோர் இல்லத்துக்கு நைட்டியா, முண்டும் சட்டையுமா?

என் பெரியம்மையை (பெரியம்மாவை) நாகர்கோவில் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது, கொண்டு வர வேண்டிய சாமான் பட்டியலில் துணி என்றால் நைட்டி என்றுதான் இருந்தது. இப்போது அவர் உடுத்துவது முண்டும் (வேட்டி போல இடுப்பில் சுற்றுகிற துணி), முன்பக்கம் முழுக்கத் திறக்கிற சட்டையும். நைட்டியும் அலமாரியில் இருக்கிறது, அதற்கும் வேலை உண்டு. ஆனாலும் இதே குழப்பத்தில் இருக்கிற யாராவது என்னிடம் கேட்டால் முண்டு பக்கம்தான் சொல்வேன். ஏன் என்பதை முழுசாகச் சொன்னால்தான் உங்கள் வீட்டு ஆளுக்கு அது பொருந்துமா என்று பார்க்க முடியும்.

பெரியம்மைக்குப் பக்கவாதம் வந்து இடது கை மடங்கி இறுகிப்போயிருக்கிறது. யாராவது பிடித்துக்கொண்டால் குளியலறை வரை நடப்பார், மற்ற நேரம் கட்டிலும் நாற்காலியும்தான். ராத்திரி சிறுநீர் அடங்காது.

சேலையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஐந்தரை மீட்டர் துணி, கூடவே உள்பாவாடை, அதன் நாடா இடுப்பில் அழுத்துவது, கொசுவம் காலில் தட்டுவது. நன்றாக நடமாடுகிறவர்களுக்குச் சரி, கையும் காலும் தளர்ந்தவர்களுக்கு வேண்டாம். ரெடிமேட் நைட்டியில் தலைவழியாக மாட்டுகிற வகையையும் இப்போதே ஒதுக்கிவிடலாம். இறுகிய கையை மேலே தூக்காமல் அதைப் போட முடியாது, தூக்கினால் வலி.

ஆகவே உண்மையான போட்டி, மேலிருந்து கீழ்வரை பட்டன் வைத்துத் தைத்த நைட்டிக்கும் முண்டு-சட்டைக்கும்தான். நைட்டிக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரே துணி, இடுப்பில் எதுவும் இறுக்காது, எந்த ஊரிலிருந்து வேலைக்கு வந்த பெண்ணுக்கும் போட்டுவிடத் தெரியும், புரண்டு படுத்தாலும் அவிழாது. பகலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நேரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நைட்டிதான் வசதி என்று நானே ஒத்துக்கொள்வேன்.

ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் துணி நனைகிறது. அங்கேதான் எல்லாம் மாறிவிடுகிறது. நைட்டி நனைந்தால் கீழே மட்டும் நனையாது, படுத்திருக்கிறவர் முதுகுவரை ஈரம் ஏறும், அப்போது முழுத்துணியையும் கழற்ற வேண்டும். அதாவது தூக்கத்தில் இருக்கிறவரை எழுப்பி உட்காரவைத்து, நல்ல கையை முதலில் உருவி, பிறகு மடங்கிய கையை உருவி, புதுத்துணி போடும்போது மடங்கிய கையை முதலில் நுழைத்து, அப்புறம் நல்ல கையை. (இந்த வரிசையை மாற்றவே கூடாது. கழற்றும்போது நல்ல கை முதலில், போடும்போது பாதித்த கை முதலில்.) முண்டு என்றால் சட்டையைத் தொடவே வேண்டாம். அதற்கு ஒன்று மட்டும் செய்ய வேண்டும்: சட்டையை இடுப்பளவில் நிறுத்தித் தைக்கக் கொடுங்கள், நீளம் கூடினால் அதுவும் நனையும். ஆளை ஒரு பக்கம் ஒருக்களித்து, ஈர முண்டைச் சுருட்டி முதுகுக்குக் கீழே தள்ளி, உலர்ந்த முண்டை விரித்து, மறுபக்கம் ஒருக்களித்தால் ஈரத்துணி வெளியே வந்துவிடும். படுக்கை விரிப்பு மாற்றுகிற அதே முறைதான் என்பதால் இல்லத்து அக்காமாருக்கு யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பெரியம்மை பாதித் தூக்கத்திலேயே இருப்பார்.

அடுத்த நாள் காலையில் துவைப்பு. என் முடிவை முழுக்கத் தீர்மானித்தது இதுதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு தொடங்கினால் செப்டம்பர் வரை, அது முடிந்த கையோடு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஜூலையில் வெயில் காய்கிறபோது இங்கே கொடியில் துணி சொட்டிக்கொண்டிருக்கும். இல்லத்தில் அத்தனை பேர் துணியும் ஒரே கொடியில், ஒரே வராந்தாவில் தொங்க வேண்டும். ஒரு நைட்டியில் தோள்பட்டை மடிப்பு, கழுத்துப்பட்டி, பட்டன் பட்டி, பை என்று இரட்டைத் துணியாக இருக்கிற இடங்கள் பல. மற்ற பாகம் உலர்ந்த பிறகும் அங்கே ஈரம் நிற்கும். அரை ஈரத்தோடு மடித்து வைத்தால் முடைநாற்றம் வரும், உடுத்தினால் தொடை இடுக்கிலும் மார்பகத்துக்குக் கீழேயும் படை வரும். முதியவர்களின் தோல் மெல்லியது, ஒருமுறை வந்தால் ஆற நாளாகும். ஒற்றை முண்டு இரண்டு மீட்டர் சொச்சம் வரும் வெறும் துணி, தையலே கிடையாது. மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டால்கூட உலர்ந்துவிடும். நனையாத சட்டையை அந்த அளவுக்கு அடிக்கடி துவைக்கவும் வேண்டாம். மழை மாதங்களில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை அங்கே துணி துவைக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இல்லத்து மெஷின் வீட்டு மெஷின் மாதிரி அல்ல. கொதிநீர், காரமான பொடி, அவ்வப்போது ப்ளீச். சிப் பல் உடையும், எலாஸ்டிக் தொளதொளக்கும், ஒட்டும் பட்டையில் நூலும் முடியும் சேர்ந்து கொஞ்ச நாளில் ஒட்டாமலே போகும், பூப்போட்ட நைட்டி சாயம் போய் அடுத்தவர் துணியிலும் ஏறும். வெள்ளை முண்டில் கெட்டுப்போக எதுவும் இல்லை. கறை தெரியுமே என்பார்கள். தெரியத்தான் வேண்டும்! சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, இடுப்பில் படுக்கைப் புண் தொடங்கி நீர் கசிந்தாலோ வெள்ளைத் துணிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். துவைத்த முண்டு இன்னொருவரிடம் மாறிப்போனாலும் பெரிய குழப்பம் இல்லை, அளவு எல்லோருக்கும் ஒன்றுதான். சட்டைக்கு மட்டும் கழுத்துக்கு உள்பக்கம் நூலில் பெயர் தைத்துவிடுங்கள்.

முண்டின் குறை, நடக்கும்போது அவிழ்வது. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, காலில் சிக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். நாங்கள் பகலுக்கான முண்டுகளில் மட்டும் இரண்டு ஓரத்திலும் அகலமான துணிநாடா தைத்து, பக்கவாட்டில் முடிச்சுப் போடுகிற மாதிரி செய்திருக்கிறோம், கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி உயரத்தையும் குறைத்தாயிற்று. முடிச்சு முதுகுப் பக்கம் போகக் கூடாது, படுத்தால் அழுத்தும். ராத்திரி முண்டுக்கு நாடா வேண்டாம். கசவு வைத்தது அழகுதான், ஆனால் ஜரிகை தோலில் உரசும், அதைத் திருநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நேரியலையும் (முண்டோடு தோளில் போடுகிற மேல்துணி) சொல்ல வேண்டும். யாராவது பார்க்க வந்தால் பெரியம்மைக்குத் தோளில் ஒரு துணி வேண்டும், இல்லாவிட்டால் முகமே மாறிவிடும். மேல்துணி உடுத்துகிற உரிமைக்காகப் பெண்கள் போராடி, 1859-இல் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு வரை கொண்டுவந்த மண் இது. இங்கே ஒரு வயதான பெண் தோளை மறைக்கத் துணி கேட்டால் அதைப் பிடிவாதம் என்று யாரும் ஒதுக்கக் கூடாது. நேரியல் மெல்லியது, பாதித்த கையை அசைக்காமலே போர்த்திவிடலாம். நைட்டிக்கு மேலே துண்டு போட்டாலும் இதே வேலை நடக்கும் என்பது உண்மை, ஆனால் முண்டும் சட்டையும் நேரியலும் சேர்ந்தால் அவர் வாழ்நாள் முழுக்க வெளியே கிளம்பிய கோலம் அது.

முதுகுப் பக்கம் முழுக்கத் திறக்கிற, ஆஸ்பத்திரி கவுன் மாதிரியான உடைகளும் இருக்கின்றன. அறவே எழுந்திருக்க முடியாதவர்களுக்கு அது சுலபம் என்று இல்லத்தில் சொல்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் பார்த்ததைத் தவிர எனக்கு அதில் அனுபவம் இல்லை. அதேபோல மறதி நோயில் துணியைத் தானே அவிழ்த்துவிடுகிறவர்களுக்கு முண்டு ஒத்துவராது என்றே நினைக்கிறேன், அங்கே நைட்டிதான் நல்லதாக இருக்கும். ஆண்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, சாரமும் (லுங்கி) முன் திறப்புச் சட்டையும் போதும்.

சட்டைக்குத் துணி எடுக்கும்போது மெல்லிய காட்டனாக எடுங்கள். ஹோசியரி (பனியன் துணி) நன்றாக இழுபடும், ஆனால் உலர நேரமாகும். பாலியஸ்டர் சீக்கிரம் உலரும், வியர்வையை உறிஞ்சாது. வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து உலர்த்தித் தரும்படி தையல்காரரிடம் சொல்லுங்கள், கொதிநீரில் பிறகு அதிகம் சுருங்காது. பாதித்த கைப்பக்கம் அக்குளைத் தாராளமாக விடச் சொல்லுங்கள். பட்டனுக்குப் பதில் டிச் பட்டன் வைத்தால் பெரியம்மை ஒற்றைக் கையாலேயே பிரித்துவிடுகிறார். எண்ணிக்கையில், சட்டையைப் போல இரண்டு மடங்கு முண்டு வாங்குங்கள், ஜூன் வருவதற்கு முன்னாலேயே.