டர்பனில் சர்வர் வைக்க இடம் தேடுகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

1,84,000 ராண்ட். என் நஷ்டம் இவ்வளவு. அதில் ஒரு பைசா திரும்பி வராது என்பது இன்று காலை வந்த மெயிலோடு தெளிவாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடத் தோன்றும், அடுத்தவர் போய் மாட்டுவார். கம்பெனி பெயரைப் போடாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. டர்பனுக்குத் தெற்கே தொழிற்பேட்டைப் பக்கம், சின்ன வியாபாரிகளுக்கு ராக்கில் (சர்வர்களை அடுக்குகிற இரும்பு அலமாரி) இடம் வாடகைக்கு விடுகிற ஒரு டேட்டா சென்டர், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்து மளிகைக் கடைகளுக்கும் மசாலாக் கடைகளுக்கும் பில், ஸ்டாக் பார்க்கிற சாஃப்ட்வேர் வாடகைக்குக் கொடுப்பது என் தொழில். கடையில் ஒரு பாக்கெட் மஞ்சள் தூள் விற்றால் அது என் சர்வரில் பதிவாகும். சர்வர் நின்றால் கடையும் நின்றது மாதிரிதான். 2023ல் லோட்ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) ஏறக்குறைய வருடம் முழுக்க இருந்தது, அதில் கடுமையான கட்டமான ஸ்டேஜ் 6 வந்தால் இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். ஆபீசில் வைத்து என் இரண்டு சர்வர்களையும் காப்பாற்றியது எவ்வளவு பாடு என்று இந்த ஊரில் தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லோட்ஷெட்டிங் குறைந்த பிறகும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது என்று எங்கள் தெருவில் கரண்ட் போவது நிற்கவில்லை. அதனால்தான் காசு போனாலும் பரவாயில்லை, ஒழுங்கான டேட்டா சென்டரில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வந்த சேல்ஸ்மேன் நம்ம ஆள். வாசலிலேயே "வணக்கம் அண்ணா" என்றான். நாங்கள் போகிற கோயிலில்தான் அவன் குடும்பமும் வருஷா வருஷம் காவடி எடுக்கிறது, அவன் அம்மாவை என் மனைவிக்குத் தெரியும். அவனே காரில் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினான். வாசலில் கைரேகை வைக்கிற பூட்டு, உள்ளே குளுகுளுவென்று ஏசி, வரிசையாக ராக்குகள், சுவரில் பெரிதாக, எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்பதைக் குறிக்கிற "டயர் 3 தரம், 99.982 சதவீதம்" என்ற போர்டு. கடைசியாகப் பின்பக்கம் கூட்டிப்போய் ஜெனரேட்டரைக் காட்டினான். ஆளைக் கூப்பிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். அது உறுமிக்கொண்டு எழுந்தபோது, "கேளுங்க அண்ணா, கரண்ட் போனா பத்து செகண்டுக்குள்ள இது எடுத்துக்கும், உங்க சர்வருக்குத் தெரியவே தெரியாது" என்றான். அந்தச் சத்தத்தில்தான் நான் நம்பினேன். இத்தனை வருஷம் இருட்டில் உட்கார்ந்து பேட்டரி சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கட்டினால் விலை குறையும் என்றான். செட்டப் செலவோடு 68,000 ராண்ட் கட்டினேன். டேட்டா பேக்கப்பையும் (பிரதி எடுத்து வைப்பதை) அவர்களே பார்த்துக்கொள்வார்கள், அதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

தைப்பூச வாரம். கடைகளில் கற்பூரம், தேங்காய், எலுமிச்சை என்று கூட்டம் நெரிகிற நேரம். அந்தப் பகுதியில் யாரோ கேபிளை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள், ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடியது, அதை நான் மறுக்கவில்லை. சர்வர்களும் ஓடின. ஆனால் ஏசி ஓடவில்லை! ராக்குகளுக்கு மட்டும் ஜெனரேட்டரிலிருந்து லைன் கொடுத்திருக்கிறார்கள், ஏசி மொத்தமும் முனிசிபாலிட்டி கரண்டில். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில், ஜன்னல் இல்லாத அறையில், நூற்றுக்கணக்கான சர்வர்கள் சூட்டைக் கக்கிக்கொண்டு இருந்திருக்கின்றன. இதை எனக்குச் சொன்னது கம்பெனி இல்லை, அன்று இரவு வேலையில் இருந்த ஒரு பையன். "ஏசியையும் சேர்த்தா ஜெனரேட்டர் தாங்காது அங்கிள், எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

எல்லாருக்கும் தெரியுமாம். காசு கட்டினவனுக்குத் தவிர.

சர்வருக்குள் தனியாக ஒரு சின்ன கண்காணிப்பு போர்டு இருக்கும், உள்ளே வருகிற காற்றின் வெப்பநிலையை அது பதிந்துகொண்டே இருக்கும். சர்வர் அறைக் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட அளவு. என் பதிவில் 24ல் தொடங்கி, 31, 38 என்று ஏறி 47 டிகிரி வரை போயிருக்கிறது. ஒரு சர்வர் தானாக அணைந்துவிட்டது. இன்னொன்றில் இரண்டு டிஸ்க் போயிற்று, பல டிஸ்குகளைச் சேர்த்து டேட்டாவைக் காப்பாற்றுகிற ரெய்டு அமைப்பு உடைந்தது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று கேட்டால், பேக்கப் பெட்டியும் அதே அறையில், அதே ராக்கில், என் சர்வருக்கு இரண்டு தட்டு கீழே! அதுவும் போயிற்று. 2021 மார்ச்சில் பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். உலகமே பேசிய விஷயம். டேட்டா சென்டர் நடத்துகிறவர்களுக்கு அது தெரியாதா?

டிஸ்கிலிருந்து டேட்டாவை மீட்கவும் புது டிஸ்க் வாங்கவும் 52,000. கடைக்காரர்களுக்கு நான் திருப்பிக் கொடுத்த வாடகை, அவர்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு, எல்லாம் சேர்த்து 64,000. முன்பணத்தோடு கூட்டினால் 1,84,000 ராண்ட். ஃபீனிக்ஸில் கடை வைத்திருக்கிற ஒரு ஆன்ட்டி அந்த வாரம் முழுக்க நோட்டில் கையால் பில் எழுதினார், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. போன் செய்தால் டிக்கெட், அதாவது எழுத்தில் புகார், போடுங்கள் என்பார்கள். டிக்கெட் போட்டால் "டெக்னிக்கல் டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது". அடுத்த நாள் பார்த்தால் "தீர்க்கப்பட்டது" என்று மூடியிருப்பார்கள். கரண்ட் போனது முனிசிபாலிட்டி தப்பு, அது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று ஒரு பதில். கரண்ட் போகும் என்பதற்காகத்தானே ஐயா உங்களுக்குக் காசு கட்டியது? வெப்பநிலைப் பதிவை அனுப்பினேன். உங்கள் சர்வர் பழசு, டிஸ்க் போனது உங்கள் ஹார்டுவேர் பிரச்சினை என்று இன்னொரு பதில். அந்த சேல்ஸ்மேன் முதலில் "அண்ணா, நான் பேசுறேன் அண்ணா" என்றான். பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வந்தது. இப்போது அவன் படமே தெரிவதில்லை, பிளாக் செய்துவிட்டான். கோயிலில் அவன் அம்மா என் மனைவியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு போகிறார்.

கடைசியில் ஒப்பந்தப்படி நஷ்டஈடு என்று ஒன்று கொடுத்தார்கள். ஒரு மாத வாடகையில் 5 சதவீதம், 250 ராண்ட், அதுவும் கையில் இல்லை, அடுத்த பில்லில் கழிவாக. போன 1,84,000 ராண்டுக்கு 250 ராண்ட்! அதே வாரம், அணைந்துபோன சர்வரை அவர்கள் ஆள் போய் ஸ்டார்ட் பண்ணியதற்கு 1,450 ராண்ட் பில் வந்தது. அதைக் கட்டும்வரை சர்வரை வெளியே விட மாட்டோம் என்பதுதான் இன்று காலை வந்த மெயில். உள்ளே இருப்பது கடைக்காரர்களின் வாடிக்கையாளர் விவரம், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய பொறுப்பு எனக்கும் உண்டு.

சட்டத்திலும் வழி குறுகல்தான். சின்ன வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்டுக்கு மேல் கேட்க முடியாது, அங்கே தனி ஆள்தான் வழக்குப் போடலாம், கம்பெனி போட முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடிக்கிற உரிமை இருக்கிறது, ஆனால் இரண்டு கம்பெனிகளுக்கு இடையே போட்ட ஒப்பந்தத்துக்கு அது செல்லாது. பெரிய கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் செலவே நஷ்டத்தைத் தாண்டிவிடும்.

எப்படி நல்ல இடம் தேர்ந்தெடுப்பது என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஜெனரேட்டர் ஓடுவதைக் காட்டினால் நம்பாதீர்கள். மெயின் கரண்டை நிறுத்திவிட்டு ஏசியோடு சேர்த்து முழு லோடில் ஓட்டின கடைசி சோதனையின் தேதியையும் பதிவையும் கேளுங்கள், எழுத்தில். யூபிஎஸ் பேட்டரி எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள், லோட்ஷெட்டிங் வருடங்களில் தினமும் காலியாகிச் செத்த பேட்டரிகள் இன்னும் எத்தனையோ இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. டயர் என்று சுவரில் எழுதினால் அது சான்றிதழ் இல்லை. அதைக் கொடுப்பது அப்டைம் இன்ஸ்டிட்யூட், வரைபடத்துக்கு ஒரு சான்றிதழ், கட்டி முடித்த கட்டடத்துக்கு வேறு சான்றிதழ், அவர்கள் தளத்தில் போய்ப் பார்க்கலாம். 99.9 சதவீதம் என்றால் மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம், அதைத் தாண்டினால் என்ன தருவார்கள் என்று பாருங்கள். தாழ்வான இடம் வேண்டவே வேண்டாம், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் புரோஸ்பெக்டன் தொழிற்பேட்டை மூழ்கியதை நாம் பார்த்தோம். ஒரு வருட முன்பணம் கட்டாதீர்கள், மாத வாடகைக்கு ஒத்துக்கொள்ளாதவனை விட்டுவிடுங்கள். பேக்கப் வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில், வேறு கம்பெனியிடம்.

டர்பன் தெற்கில் இப்படி ஒரு இடத்தில் ஏற்கனவே சர்வர் வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரியே உங்கள் டேட்டாவின் ஒரு பிரதியை வெளியே எடுத்துவிடுங்கள், சர்வரின் வெப்பநிலைப் பதிவையும் சேமித்து வையுங்கள். அங்கே இதே மாதிரி அடிபட்டவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பத்துப் பேர் சேர்ந்தால் செலவைப் பங்கிட்டுக்கொண்டு வழக்குப் போட முடியுமா என்று வக்கீலிடம் கேட்டிருக்கிறேன்.