லிமோஜில் இல்லாத மூன்றாவது மாடிக்கு 86,000 ரூபாய் கட்டினேன்

86,000 ரூபாய். வெளிநாடு போகும் பிள்ளைகளுக்குத் தங்க இடம் பிடித்துத் தருகிறோம் என்று கோவை காந்திபுரத்தில் போர்டு மாட்டியிருக்கும் ஒரு ஆலோசனை நிலையத்தில் கட்டினேன். மொத்தமும் போச்சு. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று அண்ணன் பயப்படுகிறான், அதனால் போடவில்லை.

நான் கோபிப் பக்கம். காலேஜில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள். பிரான்ஸ் அரசுப் பள்ளிகளில் ஆங்கில உதவியாளராக வேலை பார்க்கும் திட்டத்தில் இடம் கிடைத்தது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 7 மாதம், வாரத்துக்கு 12 மணி நேரம், மாதம் கையில் சுமார் 800 யூரோ. கேட்பதற்குப் பெரிய தொகை. வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் போனால் மிச்சம் பிடிக்க ஒன்றும் இருக்காது என்பது இங்கே வந்தபின்தான் தெரிகிறது. எனக்குப் போட்ட ஊர் லிமோஜ். அங்கே எங்களுக்கு ஒரு ஈ காக்கை தெரியாது.

அந்த ஆபீசுக்கு அப்பாவும் நானும் ஆகஸ்டில் போனோம். நான் ஏமாந்தது அந்த அரை மணி நேரத்தில்தான். உள்ளே இருந்தவர் எழுந்து நின்று, "வாங்கங்க, உட்காருங்க" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "அட, எங்கம்மா பொறந்த ஊரு கவுந்தப்பாடிங்க" என்றார். அவ்வளவுதான், அப்பா கரைந்துவிட்டார். மஞ்சள் விலை, பவானி வாய்க்கால் தண்ணீர் என்று பேச்சு போனது. காபி வந்தது. நடுவில் என்னைப் பார்த்து, "அம்மிணி, தங்குற இடத்துக்குக் காயிதம் இல்லாட்டி விசாவே தரமாட்டானுங்க. ஒண்ணும் பயப்படாதீங்க, நம்மூருப் புள்ளய நடுத்தெருவுல உடுவனுங்களா?" என்றார். போனில் ஒரு அறையின் போட்டோ காட்டினார். மர ஜன்னல், வெள்ளை மேஜை. வாடகை 390 யூரோ. ஒரு மாத அட்வான்ஸ், ஒரு மாத வாடகை, அவருடைய சர்வீஸ் சார்ஜ் 6,000 எல்லாம் சேர்த்து 86,000. விலை ஏறட்டும் என்று குடோனில் வைத்திருந்த மஞ்சளில் கொஞ்சத்தை விற்றுத்தான் அப்பா அதைக் கொடுத்தார்.

பணம் போனது நிறுவனக் கணக்குக்கு அல்ல, ஒரு தனி ஆள் கணக்குக்கு. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. காபி குடித்துவிட்டு எப்படிக் கேட்பது?

செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸில் ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறி, மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு பெட்டியோடு அந்த முகவரிக்குப் போய் நின்றேன். கட்டடம் இருக்கிறது. மூன்றாவது மாடி என்று எழுதியிருந்தார்கள், கட்டடத்தில் இருப்பதே தரைத்தளத்தையும் சேர்த்து இரண்டு மாடி. பிரெஞ்சுக்காரர்கள் தரைத்தளத்தைப் பூஜ்ஜியம் என்று எண்ணுவார்கள், ஒருவேளை நான்தான் தப்பாக எண்ணுகிறேனோ என்று மறுபடி எண்ணினேன். அவர்கள் கணக்குக்கு இன்னும் ஒன்று குறைந்தது. காலிங் பெல் பக்கத்தில் ஒட்டியிருந்த பெயர்களில் என்னிடமிருந்த வீட்டுக்காரர் பெயர் இல்லை. வெளியே வந்த பாட்டி ஒருவர், இங்கே யாரும் வாடகைக்கு விடுவதில்லை என்று சொல்லிவிட்டு என் பெட்டிகளைப் பாவமாகப் பார்த்தார்.

கோவைக்குப் போன் போட்டேன். ஞாயிறு, எடுக்கவில்லை. திங்கள், "ஓனர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறமுங்க". செவ்வாய், "அந்த லேடி ஊர்ல இல்லீங்களாம்". புதன் ஆயுத பூஜை, வியாழன் விஜயதசமி. வெள்ளிக்கிழமை அப்பா கோபியிலிருந்து பஸ் பிடித்துப் போய்க் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருக்கிறார். இந்த முறை காபி வரவில்லை. கவுந்தப்பாடிக்காரர் 'பீல்டில்' இருக்கிறாராம். முன்னால் இருந்த பெண் ரசீதைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள்: 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது'. அட்வான்ஸ் என்றோ வாடகை என்றோ அதில் ஒரு வார்த்தை இல்லை. 86,000 ரூபாய்க்கு ஆலோசனை! ஸ்டேஷனில் போய்ச் சொன்னால், இது சிவில் கேஸ், கோர்ட்டுக்குப் போங்க என்றார்களாம். அப்பா என்னிடம், "உடு கண்ணு, நீ சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐந்து ராத்திரி பயணிகள் ஹாஸ்டல் படுக்கைக்குக் காசு கொடுத்தபின் பள்ளியில் என் பொறுப்பாசிரியையிடம் அழுதேன். மறுநாளே பள்ளி விடுதியில் ஒரு சின்ன அறை கொடுத்துவிட்டார்கள், 390-இல் பாதிகூட இல்லை. "முன்னாலேயே ஒரு மெயில் போட்டிருக்கலாமே" என்றார். பள்ளியின் மெயில் முகவரி ஜூலையிலிருந்து என் நியமனக் கடிதத்திலேயே இருந்தது. நான் எழுதவில்லை, காந்திபுரம் போனேன்.

இனி கிளம்புகிறவர்களுக்கு விளக்கமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், நேரம் இல்லை. முதலில் பள்ளிக்கு மெயில் போடுங்கள். அறையை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள், முதல் வாரம் ஹாஸ்டலில் இருந்துகொண்டு தேடுங்கள். வீட்டுக்காரர் வாடகைக்கு ஜாமீன் கேட்டால் 30 வயது வரை 'விசால்' என்ற உத்தரவாதம் இலவசமாகக் கிடைக்கிறது, அதற்கும் இந்த ஆட்கள் காசு கேட்பார்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள், ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே படியுங்கள். ஏமாந்தது தெரிந்த அன்றே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் அடியுங்கள். நாங்கள் அடித்தது ஒரு வாரம் கழித்து, அதற்குள் கணக்கைத் துடைத்துவிட்டார்கள்.

நேற்று ராத்திரி அந்த ஆபீசிலிருந்தே ஒரு வாட்ஸ்அப்: "மேடம், கூகுள் ரிவியூவை எடுத்துருங்க, பேசிக்கலாம்." ஒரு வாரமாக என் போனை எடுக்காதவர்கள். முதலில் 86,000 வரட்டும் என்று பதில் போட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இல்லை.