தானியங்கிக் கோழிக்கூட்டுக் கதவு: பினாங்கில் வாங்கலாமா?

புக்கிட் மெர்தாஜாமிலோ பாலிக் புலாவிலோ வீட்டுக்குப் பின்னால் எட்டுப் பத்துக் கம்பத்துக் கோழிகளை (நாட்டுக் கோழிகளை) மேயவிடுபவர்களுக்கு, காலையில் திறந்துவிடுவது பெரிய வேலை இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் கூட்டை அடைக்க யாராவது வீட்டில் இருக்க வேண்டும், அங்கேதான் இடிக்கும். இரவு ஷிப்ட், பாலத்தில் நெரிசல், கல்யாண விருந்து என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். திறந்து கிடக்கும் கூட்டை மூசாங் (மரநாய்) ஒரு தடவை கண்டுவிட்டால் மறுநாளும் அதே நேரத்துக்கு வரும்.

இந்தக் குறைக்குத்தான் தானாகத் திறந்து மூடும் கதவை இணையச் சந்தையில் விற்கிறார்கள். பெயர் பத்து இருக்கும், உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: மேலும் கீழும் ஓடும் அலுமினியப் பலகை, இரண்டு பக்கத் தடம், சின்ன மோட்டார், நான்கு டபுள்-ஏ பேட்டரி, வெளிச்சம் பார்க்கும் சென்சார், கூடவே டைமர். வாங்கலாம். ஆனால் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் அந்தச் சென்சாருக்காக வாங்காதீர்கள். அதை அணைத்துவிட்டு டைமரில் மட்டும் ஓட்டினால்தான் இந்தக் கதவு நம் ஊருக்கு உதவும்.

சென்சார் யாருக்கு வேண்டும்? ஐரோப்பாவில் ஜூன் மாதம் இரவு பத்துக்கு இருட்டும், டிசம்பரில் மாலை நாலுக்கே இருட்டிவிடும். அங்கே டைமரை வாரா வாரம் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை டிகிரிகூட இல்லை. இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏறத்தாழ 7.00க்கும் 7.40க்கும் நடுவில், உதிப்பது காலை 7.05க்கும் 7.35க்கும் நடுவில். அரை மணி, முக்கால் மணி வித்தியாசத்துக்குச் சென்சார் எதற்கு?

தேவையில்லை என்பதோடு போனால் பரவாயில்லை, அது கெடுதலும் செய்யும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மாலை நாலரைக்கே வானம் கறுத்து இடி மழை கொட்டும். சென்சாருக்கு அது இரவு. கோழிகள் வாழைமரத்தடியில் ஒண்டி நிற்க, கதவு சாவகாசமாக இறங்கி மூடிக்கொள்ளும். மழை விட்டதும் சில மாடல் மறுபடி திறக்கும், சில மாடல் மறுநாள் விடியும்வரை அசையாது. இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்கு கூட்டின் மேல் அடித்தால், அல்லது தீபாவளிக்குத் தொங்கவிட்ட சரவிளக்கு இரவு முழுக்க எரிந்தால், கதவுக்குப் பொழுதே சாயாது.

டைமருக்கு இரண்டே மாற்றம் போதும். ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூடும் நேரம் 8.05. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 7.40, ஏனென்றால் அந்த மாதங்களில் சூரியன் 7.00, 7.15க்குள் போய்விடும், 8.05 வரை திறந்து வைத்தால் முக்கால் மணி நேரம் கும்மிருட்டில் கூடு வாயைப் பிளந்து கிடக்கும். கோலாலம்பூரில் இருப்பவர்கள் இதிலிருந்து ஐந்து நிமிடம் கழித்துக்கொள்ளலாம். காலையில் 7.45க்குத் திறந்தால் போதும், விடியற்காலை அரையிருட்டில் மூசாங்கும் தெருநாயும் இன்னும் நடமாடும். கொஞ்சம் தாமதமாகத் திறப்பதால் அதிகாலையில் இடும் முட்டையாவது புதரில் போகாமல் கூட்டிலேயே விழும். எட்டரையைத் தாண்டிவிடாதீர்கள், தகரக் கூரைக்கு அடியில் சூடு ஏறிவிடும்.

அடுத்தது பூட்டு. கடைக்காரர்கள் வாய் திறக்காத விஷயம் இது. மலிவான கதவுகளில் பலகை ஒரு கயிற்றில் தொங்கும். மோட்டார் கயிற்றை விட்டால் பலகை தன் எடையில் இறங்கும், அவ்வளவுதான். கீழே மூக்கை நுழைத்துத் தூக்கினால் மேலே போய்விடும். நாய்க்கும் மூசாங்குக்கும் இந்த வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டாம், குரங்குக்குக் கேட்கவே வேண்டாம். வாங்கியதும் கதவை மூடவிட்டு, பலகையின் அடிவிளிம்பில் இரண்டு விரலை வைத்து மேலே தள்ளிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் திருப்பி அனுப்பிவிடலாம். பல்சக்கரத்திலோ திருகுத் தண்டிலோ ஓடும் மாடல் கொஞ்சம் விலை கூட, ஆனால் மோட்டார் நின்ற இடத்தில் பலகையும் பிடித்து நிற்கும். கயிற்று மாடலை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வாசலின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயர மரச்சட்டத்தை, பலகை அதன் பின்னால் இறங்கி உட்காரும்படி வெளிப்பக்கம் அடித்துவிடுங்கள். விரலோ மூக்கோ நுழைய இடம் இருக்காது.

அதே சோதனையில் ஒரு காலி மினரல் வாட்டர் போத்தலை வாசலில் படுக்கவைத்து மூடவிடுங்கள். நல்ல கதவு போத்தலைத் தொட்டதும் நிற்கும், அல்லது மேலே திரும்பும். போத்தல் நசுங்கினால் கோழியின் கழுத்தும் நசுங்கும். சுவரில் துளை போடுவதற்கு முன்பே, மேசைமேல் வைத்து இருபது தடவை திறந்து மூடி, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணி அடித்த பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் பல விற்பனையாளர்கள் தயங்குவார்கள்.

மாட்டும்போது ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தடம் சற்றே சாய்ந்தாலும் பலகை ஒரு பக்கம் உரசி நடுவழியில் நிற்கும், மோட்டார் அதைத் தடங்கல் என்று நினைத்து மறுபடி திறந்துவிடும். வாசலின் அடி, கூட்டுக்குள் பரப்பிய மரத்தூளைவிட 10 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்கட்டும். கோழி சீய்க்கும் தூள் தடத்தில் அடைந்தால் கதவு கால்வாசி திறந்தபடி நின்றுவிடும். தடத்துக்குச் சமையல் எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள், தூசியும் இறகுப்பொடியும் ஒட்டிப் பசையாகிவிடும். உலர்ந்த சிலிக்கோன் ஸ்ப்ரே போதும். மோட்டார் பெட்டியின் மேல்விளிம்புக்கும் இரு பக்கத்துக்கும் சிலிக்கோன் பூசுங்கள், அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள், உள்ளே வேர்க்கும் நீர் வடிய வழி வேண்டும். வயர் நுழையும் ஓட்டையை மட்டும் மறக்காமல் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு முட்டையோடு குடியேறிவிடும். கூட வரும் திருகாணிகள் நம் ஈரத்துக்குத் துருப்பிடிக்கும், ஹார்ட்வேர் கடையில் துருப்பிடிக்காத எஃகில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பேட்டரி ஓராண்டு ஓடும் என்பது விளம்பரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. சார்ஜ் செய்யும் பேட்டரி வேண்டாம். ஒன்று 1.2 வோல்ட்தான், நான்கு சேர்ந்தாலும் 4.8, மோட்டார் கேட்பது 6. பேட்டரி செத்தால் கதவு இருந்த நிலையிலேயே நிற்கும், பகலில் செத்தால் இரவெல்லாம் திறந்திருக்கும். மாற்றியதும் கடிகாரம் 12.00க்குப் போய்விடும் மாடல்கள் உண்டு, நேரத்தைச் சரிபார்க்காமல் எழுந்து போகாதீர்கள். சோலார் மாடல் ரம்புத்தான் நிழலில் இருக்கும் கூட்டுக்கு உதவாது. வைஃபை மாடல் ஒரு நோட்டிபிகேஷனுக்காகக் கூடுதல் காசு.

கதவு வாசலை மட்டுமே காக்கும். மலைப்பாம்புக்கு வாசல் தேவையில்லை. ஆறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் லாயக்கு, நாய் கடித்தால் கிழியும், குட்டிப் பாம்பு அதில் நுழைந்து வரும். அரை அங்குலக் கட்டம் போட்ட வெல்டிங் வலையைச் சுற்றிலும் அடியுங்கள். கன் ஸ்டேப்பிள் கழன்றுவரும், 15 சென்டிமீட்டருக்கு ஒரு திருகாணி, வாஷரோடு. தரையில் வலையை 30 சென்டிமீட்டர் வெளிப்பக்கம் படுக்க விரித்துக் கல்லை வைத்தால், சுவரோரம் தோண்டும் நாய் ஏமாந்து போகும். பலரும் விட்டுவிடும் இடம் கூரைதான். அலைத் தகரத்தின் ஒவ்வொரு வளைவுக்குக் கீழும் இரண்டு விரல் நுழையும் இடுக்கு இருக்கும், எலியும் பாம்பும் வருவது அந்த வழியாக. வலைத் துண்டைச் சுருட்டி அதில் திணித்துவிடுங்கள். கூட்டுக்குள் பாம்பைக் கண்டால் கம்பை எடுக்காமல் 999க்கு அழைத்துப் பொதுத் தற்காப்புப் படையை வரச் சொல்லுங்கள். பகலில் திரியும் பியாவாக்குக்கும் (உடும்புக்கும்) பருந்துக்கும் இந்தக் கதவு எதுவும் செய்யாது, தாழ்ந்த புதரும் விழிப்பான சேவலும்தான் துணை.

கோழிகளைப் பழக்குவதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதல் மூன்று நாலு நாள் பகலில் பட்டனை அமுக்கி ஓட்டிக் காட்டினால் மோட்டார் சத்தத்துக்கு மிரளாது. மாலை 6.45க்குக் கோழிக்கு 15 கிராம் கணக்கில் சோளத்தைக் கூட்டுக்குள் மட்டும் போடுங்கள், வெளியே ஒரு மணியும் வேண்டாம். புதிதாகச் சேர்த்த விடைக்கோழிகளை ஏழு நாள் கூட்டிலேயே அடைத்து வைத்த பிறகுதான் மேயவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை பொழுது சாய்ந்ததும் மாமரத்தில் ஏறிக்கொள்ளும், கதவு 8.05க்குச் சரியாக மூடும், மறுநாள் காலையில் மரத்தடியில் இறகுதான் கிடக்கும். டைமருக்கு மாறிய முதல் இரண்டு வாரமும் கதவு மூடியபின் டார்ச் அடித்துக் கம்பில் உட்கார்ந்திருப்பவற்றை எண்ணுங்கள்.