மருத்துவருக்கு ஐந்து நட்சத்திரம், கழிப்பறைக்கு ஒன்று

மருத்துவருக்கு ஐந்து, கழிப்பறைக்கு ஒன்று, வரவேற்பு மேசைக்கு இரண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகப் போடச் சொன்னால் நான்கு போடுவேன்.

நாமக்கல்லில் சொந்தமாக ஒரு லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். வயது 52. சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாக்பூர் வரை போய் வருபவன். ஆண்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று மற்ற டிரைவர்கள் என்னைத் தனியாக அழைத்துக் கேட்கிறார்கள். ஒவ்வொருவர் காதிலும் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன். கிளினிக்கின் பெயரை எழுதவில்லை. விளம்பரம் வேண்டாம் என்று மருத்துவரே கேட்டுக்கொண்டார். கழிப்பறையைப் பற்றி நான் எழுதப் போவதைப் பார்த்தால் அவருக்கும் அதுவே நல்லது என்று தோன்றும். விவரம் வேண்டியவர்கள் எங்கள் ஊர் லாரிப் பட்டறைகளில் கேட்டால் வழி சொல்வார்கள்.

எனக்கு வந்தது சாதாரணக் கடுப்பு இல்லை. தெலங்கானாவைத் தாண்டும்போது உடம்பெல்லாம் உதறும் குளிர்காய்ச்சல். சிறுநீர் போகும்போது எரிச்சல். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஒரு கனத்த வலி, சீட்டில் நேராக உட்கார விடவில்லை. வழியில் ஓர் ஊரில் ஊசி போட்டு, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். காய்ச்சல் இறங்கியது. எரிச்சல் மட்டும் அடங்குவதும் கிளம்புவதுமாகவே இருந்தது. வீட்டில் அம்மா கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டார். மனைவி நெருஞ்சில் கஷாயம் வைத்தார். நண்பர்களின் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: இன்ஜின் சூடு. மச்சினன்தான் பிடிவாதமாக இங்கே அழைத்து வந்தார்.

முதலில் வரவேற்பு மேசை. டோக்கன் கொடுக்கும் பெண் நல்லவர், ஆனால் குரல் கணீர். "என்ன பிரச்சினை அண்ணா?" என்று கூடம் முழுவதும் கேட்கும்படி கேட்கிறார். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் "முதுகு வலிம்மா" என்றார். சிறுநீரக மருத்துவரிடம் எதற்கு முதுகு வலி என்று அந்தப் பெண் மறுபடியும் அதே குரலில் கேட்க, பெரியவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினால் தீரும் விஷயம். இந்த மாதிரி நோயை ஆண்கள் மாதக்கணக்கில் மறைத்து வைப்பதற்கு வெட்கமே பாதிக் காரணம். அதை வாசலிலேயே கிளறிவிடக் கூடாது.

அடுத்தது கழிப்பறை. வருகிற எல்லாருக்கும் அதுதான் கோளாறு என்று தெரிந்த ஒரு கிளினிக்கில், நோயாளிகளுக்கு இருப்பது ஒரே ஒரு கழிப்பறை! ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துவிட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பவர்கள் ஒரு பக்கம், சோதனைக்குச் சிறுநீர் பிடிக்க டப்பாவோடு நிற்பவர்கள் மறுபக்கம், இரு தரப்பும் மோதிக்கொள்வது அந்தக் கதவருகேதான். உள்ளே துணி மாட்ட ஓர் ஆணி கூடக் கிடையாது. தாழ்ப்பாள் பாதிதான் விழுகிறது. பிடித்த டப்பாக்களை வெளியே ஒரு திறந்த தட்டில் வைக்கச் சொல்கிறார்கள், அவரவர் பெயரும் வயதும் பெரிய எழுத்தில் ஒட்டி. தெரிந்தவர்கள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அந்தத் தட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஏன் அங்கே போகச் சொல்கிறேன் என்றால், உள்ளே இருக்கும் மருத்துவர் மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்கிறார். தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள், தண்ணீர் எப்போது குடிக்கிறீர்கள், எங்கே வண்டியை நிறுத்துகிறீர்கள், சர்க்கரை உண்டா, கல் உண்டா, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள். தொப்பூர் கணவாயில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது இறங்கவும் முடியாது, அடக்கவும் முடியாது என்றேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு மச்சினனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மனைவியோடு உள்ள உறவைப் பற்றிக் கேட்டார். விந்து வெளியேறும்போது வலிக்கிறதா என்பது உட்பட. இதுவரை வேறு யாரும் கேட்காத கேள்வி அது. வலித்தது.

அவர் விளக்கியது எனக்குப் புரிந்த வரையில் இதுதான். பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர், அதனால் கிருமி எளிதில் ஏறிவிடுகிறது. ஆண்களுக்கு அது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். அவ்வளவு தூரம் தாண்டிக் கிருமி உள்ளே குடியேறியது என்றால், அதற்கு இடம் கொடுத்த காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். கல், சர்க்கரை, அடைப்பு, சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் என்று அது எதுவாகவும் இருக்கலாம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் புராஸ்டேட் பெருத்து வழியை நெருக்க, சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதில்லை. டீசல் டேங்கின் அடியில் தங்கிய கசடு போல, மிச்சச் சிறுநீரில் கிருமி பெருகுகிறது. மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினார்.

இன்ஜின் சூட்டைப் பற்றியும் கேட்டேன். வியர்வையில் நீர் போய், தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்த்தியாகி எரியும். அது கிருமி இல்லாமலும் வரும், தண்ணீர் குடித்தால் தணியும். ஆனால் குளிர்காய்ச்சல், ரத்தம், அடிவயிற்று வலி, மெலிந்த தாரை இவற்றில் எது சேர்ந்தாலும் அதைச் சூடு என்று விட்டுவிடக் கூடாது என்றார்.

ஆசனவாய் வழியாகப் புராஸ்டேட்டை விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குப் பயந்தே பாதிப் பேர் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன். என்ன செய்யப் போகிறார் என்பதை முன்பே சொன்னார். கையுறை, களிம்பு, திரை எல்லாம் இருந்தன. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. ஓர் இடத்தில் தொட்டபோது நான் துள்ளினேன், அதிலேயே அவருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. காய்ச்சல் அடிக்கும்போது வந்திருந்தால் லேசாகத் தொட்டுப் பார்ப்பதோடு சரி, அழுத்தவே மாட்டேன் என்றும் சொன்னார். அழுத்தினால் கிருமி ரத்தத்தில் கலக்க வாய்ப்பு உண்டாம்.

சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் கருவி மாடியில் இருக்கிறது. ஒரு புனல், அதன் கீழே எடை பார்க்கும் தட்டு, பக்கத்தில் கோடு வரையும் இயந்திரம். குறைந்தது 150 மில்லியாவது போனால்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நொடிக்கு 15 மில்லிக்கு மேல் உச்ச வேகம் இருந்தால் பொதுவாக நல்லது, 10க்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கலாம். எனக்கு 9. உடனே ஸ்கேன் எடுத்ததில் பையில் தங்கிய மிச்சம் 110 மில்லி.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது, மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர் எடுப்பது, அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவின் உட்புறத்தைத் தொடாமல் பிடிக்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், தாமதமானால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வீட்டிலிருந்து காலையில் பிடித்து, பையில் போட்டு, கடைத்தெருவெல்லாம் சுற்றிவிட்டுக் கொண்டுவந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிப் புதிதாகப் பிடித்து வரச் சொன்னார்கள். கறார்தான், ஆனால் சரி. கிருமி வளர்ந்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும்.

முடிவில் ஈ கோலை என்ற கிருமி, ஒரு மில்லியில் ஒரு லட்சத்துக்கு மேல். கீழே மருந்துகளின் பட்டியல். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நேரே எதிர்ப்பு, அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்று இருந்தது. வழியில் கொடுத்த மாத்திரைக்கு எரிச்சல் ஏன் நிற்கவில்லை என்பது அந்த ஒரு வரியில் விளங்கிவிட்டது. நைட்ரோஃபுரான்டோயின் கேட்கும் என்று பட்டியலில் இருந்தும் அவர் அதை எழுதவில்லை. அது பையில் உள்ள கிருமிக்கு நல்லது, புராஸ்டேட்டுக்குள் போதிய அளவு போகாது என்றார். கோட்ரைமாக்சசோல் எழுதினார். பழைய மருந்து, மலிவு. பட்டியலில் பார்த்து மருந்து தேர்ந்தெடுப்பது எனக்கும் தெரியும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள். என் மாத்திரையை நீங்கள் வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம், அதில் சல்ஃபா மருந்து இருப்பதால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

அதற்கும் முன் இன்னொன்று கேட்டார்: ரத்த அழுத்தத்துக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? டெல்மிசார்டன் என்றேன். அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும், இதுவும் ஏற்றும், ஆகவே ஒரு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்த்துவிட வேண்டும், அதுவரை இளநீர் வேண்டாம் என்றார். நீர்க்கடுப்பு என்றாலே நம் ஊரில் முதல் வைத்தியம் இளநீர்தான்! அதிலும் பொட்டாசியம் நிறைய உண்டு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். நெருஞ்சில் கஷாயத்தைப் பற்றி அவர் கேலி செய்யவில்லை, மாத்திரை முடியும் வரை நிறுத்தி வையுங்கள் என்று மட்டும் சொன்னார். சுண்ணாம்புக்குத் தடை இல்லை. அம்மாவுக்கு அதில் பெரிய மகிழ்ச்சி.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின், சிறுநீர் போகும் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் ஒன்று. எழுந்தவுடன் தலை சுற்றலாம், கேபினிலிருந்து குதித்து இறங்காதீர்கள், பழகும் வரை லாரி எடுக்காதீர்கள் என்றார். விந்து குறைவாகவோ வராமலோ இருக்கும், பயப்பட வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டிருந்தால் வேறு ஏதோ வியாதி என்று நான் வேறு மருத்துவரைத் தேடிப் போயிருப்பேன்.

என் பக்கத்து நாற்காலியில் ஒருவர், எங்கோ முகாமில் எடுத்த பிஎஸ்ஏ என்ற, புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை முடிவைப் பிடித்தபடி கை நடுங்க உட்கார்ந்திருந்தார். புற்றுநோய் என்றே முடிவு செய்துவிட்டார். கிருமித் தொற்று இருக்கும்போது அந்த எண் தானாகவே ஏறும், மருந்து முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் அதைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை வெளியே வந்து எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பரிசோதனையை இப்போது எழுதவே இல்லை. பணம் பிடுங்குகிற இடமாக இருந்தால் முதல் நாளே எழுதியிருப்பார்கள்.

செலவு: மருத்துவருக்கு 500 ரூபாய், அதே வாரத்தில் மறுபடி போனால் கட்டணம் இல்லை. கருவி, ஸ்கேன், கல்ச்சர், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 3,000க்குள் முடிந்தது. கீழே உள்ள மருந்துக்கடையில் ரசீது கேட்காமலே தருகிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்காக மாத்திரை அட்டையில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைக் காட்டி, பாதியில் நிறுத்தக் கூடாது என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். நெடுஞ்சாலையோரக் கடைகளில் அதே கோடு போட்ட மாத்திரையை இரண்டு மூன்றாகக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள்.

நான்கு வார மருந்து முடிந்து மறுபடி கல்ச்சர் எடுத்ததில் கிருமி வளரவில்லை. உட்காரும்போது வலி இல்லை. தாரை முன்பு போல இல்லை என்றாலும் நின்று காத்திருக்கும் நிலை போய்விட்டது.

இரவு அவசரத்துக்கு இந்த இடம் உதவாது. சிறுநீர் அடியோடு நின்றுவிட்டாலோ, குளிர்காய்ச்சல் உதறினாலோ, நேரே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இங்கே ஏழு மணிக்கு மேல் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை. மாலை ஐந்து மணி என்று பலகை சொன்னாலும், அறுவை சிகிச்சை முடித்துவிட்டு மருத்துவர் வர ஆறரை ஆகும். செவ்வாய் அல்லது புதன் காலையில் போனால் கூட்டம் குறைவு. சனிக்கிழமை வேண்டாம், லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்பியவர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் வருகிறார்கள். பேன்ட்டுக்குப் பதில் வேட்டி கட்டிக்கொண்டு போங்கள், ஆணி இல்லாத கழிப்பறைக்கு அதுதான் வசதி.