ஜாங்கோவின் நேர மண்டல வசதி: போஸ்ட்கிரஸோடு நிம்மதி, மைஎஸ்கியூஎல்லோடு கொஞ்சம் வேலை

பைத்தானில் இணையதளம் உருவாக்கும் கட்டமைப்பான ஜாங்கோ, நேர மண்டல விஷயத்தில் தன் பங்கு வேலையை ஒழுங்காகவே செய்கிறது. 5.0 பதிப்பிலிருந்து, இந்த வசதியை இயக்கும் யூஸ்_டிஇசட் அமைப்பு இயல்பாகவே ட்ரூ. நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமித்து, படிவத்திலும் டெம்ப்ளேட்டிலும் உள்ளூர் நேரமாக்கிக் காட்டும். இந்தியாவுக்குள் மட்டும் ஓடும் தளத்துக்கு டைம்_ஜோனில் ‘ஏசியா/கொல்கத்தா’ போட்டால் போதும். பல நாட்டவர் வரும் தளமென்றால், அவரவர் மண்டலப் பெயரைக் கணக்கில் வைத்திருந்து மிடில்வேரில் (ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து வரும் இடைநிலை நிரலில்) நீங்களே ஆக்டிவேட் செய்ய வேண்டும். பிரவுசர் இந்த விவரத்தைத் தானாக அனுப்பாது.

பெயருக்குப் பதில் ‘+05:30’ என்று எண்ணை வைப்பது வேண்டாம். கொழும்பு 2006 ஏப்ரலில்தான் +6 இலிருந்து +5:30க்குத் திரும்பியது. எண்ணை மட்டும் வைத்திருந்தால் அதற்குச் சற்று முந்தைய பதிவுகள் அரை மணி நேரம் பிசகும். ‘ஏசியா/கொழும்பு’ என்றிருந்தால் பழைய விதியும் கூடவே வரும்.

அடிக்கடி சறுக்கும் இடம் பைத்தானின் யூடிசிநவ். அது தரும் நேரம் யூடிசிதான், ஆனால் மண்டலக் குறிப்பு இருக்காது. ஜாங்கோ ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு, அதைக் கொல்கத்தா நேரமாக எடுத்துக்கொண்டு இன்னொரு 5:30 மணி நேரத்தைக் கழித்துச் சேமித்துவிடும். ஜாங்கோவின் டைம்ஜோன்.நவ் மட்டுமே பயன்படுத்துங்கள். சோதனைச் சூழலில் அந்த எச்சரிக்கையைப் பிழையாக மாற்றி வைத்தால், லைவுக்குப் போகும் முன்பே சிக்கிவிடும்.

டேட்டாபேஸ் பக்கம் வந்தால் போஸ்ட்கிரஸ்தான் என் தேர்வு. மண்டல விதிகள் அதனோடே கிடைக்கின்றன. தனியாக எதையும் ஏற்ற வேண்டாம். கையால் எஸ்கியூஎல் எழுதும்போது மட்டும் இந்திய நேரத்தை ‘ஐஎஸ்டி’ என்று சுருக்காதீர்கள். இயல்பு அமைப்பில் போஸ்ட்கிரஸ் அதை இஸ்ரேல் நேரமாக, அதாவது +2 ஆகத்தான் படிக்கும்!

மைஎஸ்கியூஎல்லில் நிலைமை வேறு. தேதிவாரியாக ஆர்டர்களை எண்ணும்போது ஜாங்கோ கன்வெர்ட்_டிஇசட் செயற்கூறை அழைக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் மண்டல டேபிள்கள் காலியாக இருந்தால் அது நல் (வெற்று மதிப்பு) தரும். விளைவு: தேதி வடிகட்டி பிழை எதுவும் காட்டாமல் பூஜ்ஜியம் வரிசைகளைக் கொடுக்கும். மைஎஸ்கியூஎல்லின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ் (தயார்நிலை மென்பொருள் தொகுப்பு) இந்த டேபிள்களைத் தொடக்கத்திலேயே நிரப்பிவிடுவதால், அதைப் பயன்படுத்தும் டெவலப்பர் கணினியில் எல்லாம் சரியாக ஓடி, நேரடியாக நிறுவிய சர்வரில் மட்டும் ரிப்போர்ட் காலியாக நிற்கும்.

லினக்ஸில் தீர்வு எளிது. மைஎஸ்கியூஎல்_டிஇசட்இன்ஃபோ_டு_எஸ்கியூஎல் கருவிக்கு மண்டல விதிகள் உள்ள ஜோன்இன்ஃபோ கோப்புறையைக் கொடுத்து, வரும் வெளியீட்டை ரூட் கணக்கில் ‘மைஎஸ்கியூஎல்’ என்ற டேட்டாபேஸுக்குள் பைப் செய்யுங்கள். பிறகு கன்வெர்ட்_டிஇசட்டை ஒருமுறை நேரடியாக ஓட்டி, நல் வரவில்லை என்று பாருங்கள். இயங்குதளத்தின் டிஇசட்டேட்டா (மண்டல விதித் தொகுப்பு) புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இதை மறுபடி செய்ய வேண்டும். சொந்தமாக டேபிள் வடிவமைப்பவர்களுக்கு ஒன்று: டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19உடன் முடிகிறது; டேட்டைம் வகைக்கு அந்த வரம்பு இல்லை, ஆனால் அது மண்டல மாற்றம் எதையும் செய்யாது.

ஜாங்கோவில் எனக்குள்ள ஒரே குறை எதிர்கால நேரங்கள். மெக்சிகோ 2022 அக்டோபரில் கோடைக்கால நேரத்தைக் கைவிட்டது. அதற்கு முன்பே 2023 ஜூலையில் மெக்சிகோ சிட்டிக்குக் காலை 9 மணி என்று பதிந்து, யூடிசியாக மட்டும் சேமித்த சந்திப்பு, விதி மாறியபின் 8 மணி என்று காட்டும். இதற்கென்று ஜாங்கோவில் தனிப் புலம் இல்லை. தேதி, உள்ளூர் நேரம், மண்டலப் பெயர் மூன்றையும் தனித்தனிப் புலங்களில் வைத்து, யூடிசி மதிப்பை அவற்றிலிருந்து கணக்கிடும் துணைப் புலமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிஇசட்டேட்டா மாறும்போது அதை மறுபடி கணக்கிட்டால் போதும்.