டைமிங் பெல்ட் அறுந்த டீசல் இன்ஜின்: ஃபீலர் கேஜ், லீக்-டவுன் டெஸ்டர், கேமரா – நீண்ட நாள் பயன்பாட்டில்

ரெனோ டஸ்டர், நிசான் சன்னி டீசல் வண்டிகளில் உள்ள 1.5 லிட்டர் கே9கே இன்ஜினில், ஓட்டத்தில் டைமிங் பெல்ட் (பிஸ்டனை அசைக்கும் கிராங்கையும் வால்வைத் திறக்கும் கேமையும் ஒத்துச் சுற்றவைக்கும் பெல்ட்) அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதாமல் தப்புவது அபூர்வம். எட்டு வால்வில் எத்தனை வளைந்தன என்பதை ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பாகம்) இறக்கும் முன்பே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். கருவிகள் மூன்று, அதில் மலிவான ஃபீலர் கேஜ்தான் (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோகத் தாள்கள்) முதலில் உண்மையைச் சொல்கிறது.

"புது பெல்ட் மாட்டி ஒரு செல்ஃப் அடிச்சுப் பார்ப்போம்" என்பதற்கு மட்டும் சம்மதிக்கக் கூடாது. வளைந்த வால்வின் தலை ஒடிந்து உள்ளே விழுந்தால் பிஸ்டன், சிலிண்டர், டர்போ வரை செலவு இழுத்துக்கொண்டு போகும்.

ஹீட்டர் பிளக்குகளை (குளிரில் டீசல் பற்றச் சூடாக்கும் குளோ பிளக்) கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, முதல் பிஸ்டன் உச்சியிலிருந்து 90 டிகிரி தள்ளி நிறுத்த வேண்டும். வழியில் தட்டினால் அழுத்தாமல் எதிர்ப்பக்கம் திருப்பலாம். இந்த நிலையில் நான்கு பிஸ்டனும் நடுவழியில் நிற்பதால் கேமை எவ்வளவு சுற்றினாலும் ஆபத்தில்லை. ராக்கர் கவரைத் திறந்து, கேமின் மூக்கு மேலே பார்க்கும்போது ஒவ்வொரு டேப்பெட்டிலும் (வால்வின் மேல் கேம் அழுத்தும் கிண்ணம்) ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். இன்டேக்கில் (காற்று நுழையும் வால்வு) 0.20 மி.மீ., எக்ஸாஸ்டில் (புகை வெளியேறும் வால்வு) 0.40 மி.மீ. அளவில் இடைவெளி இருக்க வேண்டும். வளைந்த வால்வு அதன் சீட்டில் (மூடும்போது அது பதியும் வளையம்) முழுதாக உட்காராது. தண்டு கீழேயே நின்றுவிடும், இடைவெளி கூடும். 0.40 இருக்க வேண்டிய இடத்தில் 0.80 தாள் தாராளமாக நுழைந்தால் பாதி விசாரணை முடிந்தது. இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் இன்ஜின்களில் இந்த வழி செல்லாது.

லேசான வளைவை ஃபீலர் காட்டாமல் விடலாம். அங்கேதான் லீக்-டவுன் டெஸ்டர் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவைக் காட்டும் கருவி) காசுக்கு வேலை செய்கிறது. பெல்ட் மாட்டாமலே செய்யலாம்: டாப் கியர், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. சோதிக்கும் சிலிண்டரின் இரு வால்வும் மூடும்படி கேமைத் திருப்பி, ஹீட்டர் பிளக் துளை வழியே 30 பி.எஸ்.ஐ. காற்று. ஏர் ஃபில்டர் ஹோஸில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட். டர்போ சத்தத்தை விழுங்கிவிடும்; ஒரு முழம் ரப்பர் குழாயைக் காதில் வைத்தால் கேட்கும். ஆயில் மூடியில் கொஞ்சம் காற்று வருவது ரிங் வழியாக, அதற்குப் பதற வேண்டாம். சீட்டில் கார்பன் துகள் சிக்கியும் சீறும். கேமை நாலைந்து சுற்று சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். டெஸ்டரில் முதலில் தேய்வது அடாப்டரின் ஓ-ரிங். அது போனால் நல்ல சிலிண்டரும் லீக் காட்டும். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிடுவது நல்லது. கம்ப்ரஷன் கேஜின் ஹோஸை இதற்குப் பயன்படுத்தினால் நுனியில் இருக்கும் வால்வு ஊசியைக் கழற்ற வேண்டும். மறந்தால் காற்று உள்ளேயே போகாது, இன்ஜின் பிரமாதம் என்று தோன்றும்!

துளை வழியே உள்ளே விட்டுப் பார்க்கும் குழாய்க் கேமராதான் கொஞ்சம் ஏமாற்றம். ஸ்பார்க் பிளக் துளைக்குத் தாராளமான 5.5 மி.மீ. முனை, டீசல் ஹீட்டர் பிளக் துளையில் சிக்குகிறது, 3.9 மி.மீ. வாங்குங்கள். பிஸ்டன் கரியில் பிறைவடிவப் பளபளப்பு தெரிந்தால் வால்வு தொட்டிருக்கிறது, அவ்வளவுதான். வளைவை அது அளந்து சொல்லாது. கூடவே வரும், முனையில் மாட்டும் சிறு கண்ணாடியை சிலிண்டருக்குள் விடவே கூடாது. அது கழன்று விழுந்தால், வால்வெல்லாம் சரியாக இருந்தாலும் ஹெட்டை இறக்கித்தான் எடுக்க வேண்டும்.